பெங்களூரு வாடகை வீட்டில் மாட்சா மஃபின்: நான்கு தட்டைக் கெடுத்த பிறகு கற்றது

அல்சூரில் ஒரு மாடி வீடு, பழைய ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பு) ஒன்று, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள் போட்ட மஃபின் செய்யப் போய் நான் தொலைத்த கணக்கு இது. முதல் தட்டு வைக்கோல் போல மணத்தது. இரண்டாவது வெறும் இனிப்பு. மூன்றாவது பாசி நிறத்தில் வந்து சோப்பு மாதிரி இருந்தது. நான்காவது உள்ளே வேகவே இல்லை, மேலே கருகல். கீழே குடியிருக்கும் ஓனர் ஆன்ட்டியிடம் மூன்றாவது தட்டிலிருந்து இரண்டைக் கொடுத்தபோது, கடித்துப் பார்த்துவிட்டு "என்ன தம்பி, வேப்பிலை அரைச்சுப் போட்டியா?" என்றார்.

ஐந்தாவது தட்டுதான் தேறியது. தேறிய பிறகு யோசித்தால், நான் செய்த தவறுகளில் பாதி அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, கடையிலேயே நடந்துவிட்டன. ஆகவே கடையிலிருந்தே தொடங்குகிறேன். அவசரமாக அளவு மட்டும் வேண்டும் என்பவர்கள் 4-க்குத் தாவலாம். ஆனால் 1-ஐப் படிக்காமல் தூள் வாங்கிவிடாதீர்கள்.

1. தூள் வாங்குவது: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மாட்சா வேறு, கிரீன் டீத் தூள் வேறு. அறுவடைக்குச் சுமார் மூன்று வாரம் முன்பிருந்து வெயில் படாமல் பந்தல் போட்டு மூடி வளர்த்த இலையைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி, மாவாக அரைத்தால் அது மாட்சா. நிழலில் வளர்வதால் பச்சையம் கூடும், துவர்ப்பு குறையும். வெயிலில் வளர்ந்த சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்தால் வருவது கிரீன் டீத் தூள். அது மஞ்சள் கலந்த மங்கல் பச்சை; சூட்டில் இன்னும் பழுப்பாகும்.

என் முதல் தட்டு கிரீன் டீ பையைக் கத்தரித்துக் கொட்டியது. அந்தத் தப்பைச் செய்யவே செய்யாதீர்கள். மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல் போல நெருடும்.

இரண்டாவது தட்டு இன்னும் கேவலம். 'மாட்சா லாட்டே' என்று பெரிதாகப் போட்ட பாக்கெட். அதில் முதல் பொருள் சர்க்கரை, இரண்டாவது பால் பவுடர், தேயிலை அதற்கும் பின்னால். பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மஃபினுக்கு நீங்கள் தேடும் டப்பாவில் ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்: பச்சைத் தேயிலை. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), நிறமி என்று ஏதாவது கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், எம்ஆர்பி எல்லாம் ஸ்டிக்கரில் இருக்கும். எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் பாருங்கள். ஜப்பானில் கியோட்டோ பக்கத்து ஊஜி, ஐச்சி மாநிலத்து நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, ககோஷிமா ஆகியவை மாட்சாவுக்குப் பெயர் பெற்ற இடங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் தயாரித்த தேதி. ஒரு வருடம் அலமாரியில் வெளிச்சம் பட்டுக் கிடந்த ஊஜித் தூளை விட, மூன்று மாதத்துக்கு முன் அடைத்த சாதாரணத் தூள் மேல். கண்ணாடிப் புட்டியில் அழகாக வைத்து விற்பதை வாங்காதீர்கள். வெளிச்சம் இந்தத் தூளுக்கு எதிரி.

'செரிமோனியல்' (அப்படியே குடிக்க), 'குலினரி' (சமையலுக்கு) என்று இரண்டு வகை சொல்வார்கள். இவற்றுக்கு அரசாங்க அளவுகோல் எதுவும் கிடையாது, விற்பவர் ஒட்டும் சீட்டுதான். ஆனாலும் மஃபினுக்குக் குலினரி என்று போட்டதே சரி. சர்க்கரைக்கும் பட்டருக்கும் நடுவே தலைகாட்ட அந்தக் கூடுதல் கசப்பு வேண்டும். விலை உயர்ந்ததை வாங்கினால் அதன் மென்மை மாவுக்குள் காணாமல் போகும்.

நான் வாங்கிய 30 கிராம் டப்பா 750 ரூபாய். கடந்த சில வருடங்களாக உலகம் முழுக்க மாட்சாவுக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் நீங்கள் பார்க்கும் விலை இதைவிடக் கூடவும் இருக்கலாம். அரைக் கிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று விழுந்துவிட வேண்டாம். பிரித்த டப்பா இரண்டு மாதத்துக்குள் நிறமிழந்துவிடும்.

வாங்கி வந்ததைக் காற்றுப் புகாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அரை மணி நேரம் வெளியே கிடக்கட்டும். குளிர்ந்த தூளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கட்டிகட்டியாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பெங்களூரு இருக்கும் ஈரத்துக்கு இது கட்டாயம்.

2. மற்ற சாமான்கள்

மைதா தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஜப்பானில் கேக், மஃபினுக்கெல்லாம் 'ஹகுரிகிகோ' என்ற புரதம் குறைந்த மாவைப் போடுவார்கள். நம் மைதாவில் புரதம் கொஞ்சம் அதிகம், மஃபின் இழுவையாக வரும். 120 கிராம் மைதாவில் 10 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் கார்ன்ஃப்ளார் (வெள்ளைச் சோள ஸ்டார்ச்) போட்டால் போதும்; 4-இல் இருப்பது அப்படிக் குறைத்த அளவுதான். கடையில் 'சோள மாவு' என்று கேட்காதீர்கள். எனக்கு ரொட்டி தட்டும் சோள மாவை அரைக் கிலோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டர் உப்பில்லாதது வேண்டும். ரொட்டிக்குத் தடவும் மஞ்சள் பட்டரில் உப்பு உண்டு. மாட்சாவின் கசப்போடு அது சேர்ந்தால் நன்றாக இருக்காது. நந்தினி, அமுல் இரண்டிலும் உப்பில்லாத வகை உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பரல், பட்டரில் எளிதில் கரையாது. பொடித்த பிறகு எடை போடுங்கள். கிண்ணத்தால் அளந்தால் கணக்கு தப்பும்.

ஆப்ப சோடா வேண்டாம், பேக்கிங் பவுடர் மட்டும். என் மூன்றாவது தட்டு நாசமானது இதனால்தான். தயிரும் சோடாவும் போட்டால் மஃபின் மெத்தென்று வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். தயிரின் புளிப்பு பச்சையத்தைக் கெடுத்துப் பாசி நிறமாக்கும். சோடா கொஞ்சம் கூடினாலோ தேயிலையின் துவர்ப்புச் சத்து கறுத்து, சோப்பு வாடை வரும். வீட்டில் பழைய பேக்கிங் பவுடர் இருந்தால் அரை டீஸ்பூனைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைத்துப் பொங்கினால் பயன்படுத்தலாம்.

சமையல் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். 400, 500 ரூபாய்க்கு நல்லது கிடைக்கிறது. ஜப்பானியக் குறிப்பில் 'ஒரு கப்' என்றால் 200 மில்லி, அமெரிக்கக் குறிப்பில் 240. வீட்டில் இருக்கும் டம்ளர் எதுவென்று யாருக்குத் தெரியும்?

3. அடுப்பும் மின்சாரமும்

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது தனிப் பாடம். 1500 வாட் ஓடிஜி 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்ஸி செருகும் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினால் வயர் சுடும். பெரிய மூன்று துளை, 16 ஆம்பியர் சாக்கெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்கோ கீசருக்கோ கொடுத்திருப்பார்கள். நான் ஃப்ரிட்ஜை ஒரு மணி நேரம் கழற்றிவைத்துவிட்டுச் சுடுகிறேன்.

வீட்டு இன்வெர்ட்டர் ஓடிஜியைத் தாங்காது. எங்கள் தெருவில் மாலையில் மழை வந்தால் கரண்ட் போகும். எனவே நான் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவேன். நடுவில் போய்விட்டால் கதவைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே சமாளிக்கும். அதற்கு மேல் ஆனால் நடுப்பகுதி அமுங்கிவிடும், வேறு வழியில்லை; உதிர்த்து ஐஸ்கிரீமில் போட்டுச் சாப்பிடுங்கள்.

ஓடிஜி திருகியில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப வேண்டாம். என்னுடையது 20 டிகிரி கூடவே ஓடுகிறது. 300 ரூபாய் அளவில் ஓடிஜிக்குள் தொங்கவிடும் வெப்பமானி கிடைக்கும். நான்காவது தட்டுக்கு முன்பே அதை வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று, இந்த ஊரின் உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவாதலால் மஃபின் வேகமாகப் பொங்கி, வேகும் முன்பே நடுவில் உட்காரும். சென்னையில் அக்கா செய்த அதே அளவு இங்கே குழி விழுந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடரை எட்டில் ஒரு பங்கு குறைத்தபின் குழி நின்றது; 4-இல் இருப்பது குறைத்த அளவுதான்.

4. அளவு (ஆறு மஃபின்)

மைதா 110 கிராம், கார்ன்ஃப்ளார் 10 கிராம், மாட்சா 8 கிராம், பேக்கிங் பவுடர் 3.5 கிராம் (ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு), உப்பு ஒரு சிட்டிகை.

உப்பில்லாத பட்டர் 60 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், முட்டை 1 (ஓடு நீக்கி 50 கிராம்), பால் 70 மில்லி. நந்தினி நீல பாக்கெட் பால் போதும், காய்ச்சி ஆறவைத்தது.

வெள்ளைச் சாக்லேட் 40 கிராம், சின்னத் துண்டுகளாக. விருப்பம்தான், ஆனால் போடுங்கள். மாட்சாவின் கசப்புக்கு நல்ல ஜோடி.

80 கிராம் சர்க்கரை நம் கடை கேக்கை விடக் குறைவு. ஜப்பானிய இனிப்புகள் நாக்கில் ஒட்டாத அளவுக்குத்தான் இனிக்கும். முதல் முறை கூட்டாதீர்கள். மாட்சாவை 8 கிராமுக்கு மேல் போட்டால் கசப்பு ஏறும், 5-க்குக் கீழே போனால் வாசனையே இருக்காது.

5. கலக்கும் முன்

பட்டர், முட்டை, பால் மூன்றும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். இந்த 'அறை வெப்பம்' என்பதுதான் பெங்களூரில் ஏமாற்றும். டிசம்பர் காலையில் மூன்று மணி நேரம் வெளியே வைத்தாலும் பட்டர் கல்லாகவே இருக்கும். ஏப்ரல் மதியம் அரை மணியில் எண்ணெயாகிவிடும். கடிகாரத்தை விடுங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. குளிர்காலத்தில் நான் பட்டரைத் துண்டாக்கி, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தை அதன் மேல் ஐந்து நிமிடம் மூடி வைப்பேன்.

மாட்சாவை டீ வடிகட்டியில் தனியாகச் சலித்துவிட்டு, பிறகு மைதா, கார்ன்ஃப்ளார், பேக்கிங் பவுடர், உப்போடு சேர்த்து இன்னும் இரண்டு முறை சலியுங்கள். சோம்பல் படாதீர்கள். சலிக்காத கட்டி ஒன்று வாயில் அகப்பட்டால் கஷாயம் குடித்த மாதிரி முகம் சுளிக்கும்.

ஓடிஜியை இப்போதே 170 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி போட்டுவிடுங்கள். 15 நிமிடம் சூடாகட்டும். மாவைக் கலந்துவிட்டு அடுப்புக்காகக் காத்திருந்தால் பேக்கிங் பவுடர் பாதி வேலையைக் கிண்ணத்திலேயே முடித்துவிடும்.

6. கலப்பது

பட்டரை விஸ்க்கால் அடித்து, சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து, வெளுத்துப் பொங்கும்வரை நான்கைந்து நிமிடம் அடியுங்கள். முட்டையைத் தனியாகக் கலக்கி, ஒரு கரண்டி விட்டு அடித்து, சேர்ந்த பிறகு அடுத்த கரண்டி. மொத்தமாகக் கொட்டினால் திரிந்துவிடும். திரிந்தாலும் பயப்பட வேண்டாம், சலித்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டால் கூடிவரும்.

மாவில் பாதி, பால் முழுவதும், மீதி மாவு என்ற வரிசையில் சேருங்கள். இங்கிருந்து விஸ்க்கை வைத்துவிட்டு ஸ்பாட்டுலாவை எடுங்கள். அடியிலிருந்து வழித்து மேலே புரட்டிப் போட வேண்டும். மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். இட்லி மாவு கரைக்கும் பழக்கத்தில் கை சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் சுற்றினால் மஃபின் ரப்பராகும். சாக்லேட்டைப் போட்டு இரண்டு புரட்டு, அவ்வளவுதான்.

மஃபின் ட்ரேயில் பேப்பர் கப் வைத்து முக்கால் பங்கு நிரப்புங்கள். வெறும் மெல்லிய பேப்பர் கப்பைத் தட்டில் வைத்தால் மாவின் கனத்தில் விரிந்து தோசையாகும். ட்ரே இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களுக்குள் பேப்பர் கப்பை வைக்கலாம், நான் அப்படித்தான் தொடங்கினேன்.

7. சுடுவது: நிறம் போவதும் நிற்பதும் இங்கேதான்

நடுத் தட்டில் வையுங்கள். ஓடிஜி சின்னப் பெட்டி, மேல் கம்பி மஃபினுக்கு நாலு விரல் தூரத்தில் கனன்றுகொண்டிருக்கும். சாதாரண கேக் மேலே பொன்னிறமானால் அழகு. மாட்சா மஃபினில் அந்தப் பொன்னிறம்தான் பச்சையை விழுங்குகிறது. அதனால் 12-வது நிமிடம் மேலே ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்கக் கூடாது, மஃபின் எழும்பும் நேரம் அது.

மொத்தம் 20 முதல் 24 நிமிடம். 20-இல் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல், இரண்டு துணுக்கு மட்டும் ஒட்டினால் எடுத்துவிடுங்கள். குச்சி முழுக்கச் சுத்தமாக வரும்வரை விட்டால் ஆறிய பிறகு வறண்டுபோகும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் தாழ்ந்த கம்பி ஸ்டாண்டில் வைத்து 160 டிகிரியில் முயலுங்கள், காற்று சுழல்வதால் சீக்கிரம் வேகும்.

எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் படத்தில் பார்க்கும் கிளிப்பச்சை வராது. சூடு பட்டால் பச்சையம் மங்கத்தான் செய்யும். வெட்டிப் பார்த்தால் உள்ளே முருங்கைக் கீரைப் பச்சை இருந்தால் வெற்றி.

ட்ரேயில் ஐந்து நிமிடம், பிறகு கம்பி மேல் அரை மணி. சுடச்சுடச் சாப்பிட்டால் முட்டை வாடைதான் தெரியும், மறுநாள் காலைதான் தேயிலை மணம் வெளியே வருகிறது.

8. முட்டை இல்லாமல், ஓடிஜி இல்லாமல்

முட்டை கூடாது என்ற நிபந்தனையோடு வீடு பிடித்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். முட்டைக்குப் பதில் தயிர் போடும் வழக்கமான யோசனை இங்கே உதவாது, காரணத்தை மேலேயே சொன்னேன். கண்டென்ஸ்டு மில்க் 100 கிராம் சேர்த்து, சர்க்கரையை 35 கிராமாகக் குறையுங்கள். பால் 70 மில்லியே இருக்கட்டும். கொஞ்சம் கனமாக வரும், ருசிக்குக் குறைவில்லை.

ஓடிஜியே இல்லையென்றால் இட்லிப் பானை. ஜப்பானில் 'முஷிபான்' என்று ஆவியில் வேகவைக்கும் பன் உண்டு. மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், மாட்சா 5 கிராம், சர்க்கரை 50 கிராம், முட்டை 1, பால் 80 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். கலந்து, பேப்பர் கப் வைத்த கிண்ணங்களில் ஊற்றி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வைத்து 12 நிமிடம். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் நீர் சொட்டி மேலே அம்மைத் தழும்பு போலாகும். கருகும் பேச்சே இல்லாததால் பச்சை நிறம் ஓடிஜியை விட இதில்தான் நன்றாக நிற்கிறது. உண்மையைச் சொன்னால் ஓனர் ஆன்ட்டிக்குப் பிடித்தது இதுதான்.

9. நடுவில் பூரணம் வைக்க வேண்டுமா?

ஜப்பானியர்கள் மாட்சாவோடு அடுகி என்ற சின்னச் சிவப்புப் பயறின் இனிப்பு விழுதைச் சேர்ப்பார்கள். அடுகியைத் தேடி அலைய வேண்டாம், சிவப்புக் காராமணி போதும். ஜப்பானிலேயே செகிஹான் என்ற சிவப்புச் சோற்றுக்குச் சில இடங்களில் காராமணி இனத்துப் பயறைத்தான் போடுகிறார்கள். 100 கிராமை இரவு ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, நீரை வடித்து மசித்து, 70 கிராம் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் போட்டுக் கொழுக்கட்டைப் பூரணம் போலக் கிளறுங்கள். ஏலக்காய் போடக் கை போகும், தடுத்துவிடுங்கள். மாட்சா மணம் அடங்கிவிடும். நெல்லிக்காய் அளவு உருட்டி, ஃப்ரீசரில் அரை மணி இறுக்கி, பாதி மாவு ஊற்றிய கப்பில் வைத்து மீதியால் மூடுங்கள். இளகலாக வைத்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூரணம் வைத்தால் வெள்ளைச் சாக்லேட் வேண்டாம்.

10. செலவும் நேரமும்

ஆறு மஃபினுக்கு எனக்கு ஆன கணக்கு: மாட்சா 200 ரூபாய், பட்டர் 37, சாக்லேட் 40, முட்டை 7, மாவு, சர்க்கரை, பால், பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 22, மின்சாரம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு என்பதால் 8 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 314. ஒன்று 52 ரூபாய்க்குச் சற்று மேல். தராசும் வெப்பமானியும் ஒருமுறைச் செலவு, இதில் சேர்க்கவில்லை. இந்திராநகர் கஃபே ஒன்றில் ஒரே மஃபினுக்கு 220 கொடுத்த வயிற்றெரிச்சலில்தான் நான் இதில் இறங்கினேன்.

சலிப்பது முதல் ஆறுவது வரை ஒன்றரை மணி நேரம். முதல் தடவை என்றால் இரண்டரை மணி ஒதுக்குங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால் இரண்டு நாள் வெளியே இருக்கும், ஏப்ரல் மே மாதங்களில் ஒரு நாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பட்டர் இறுகிக் கல்லாகும். மிஞ்சியதைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள், இரண்டு மூன்று வாரம் தாங்கும். வெளியே எடுத்துக் குளிர் போகவிட்டு, சாப்பிடும் முன் மைக்ரோவேவில் 15 விநாடி சூடாக்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. மாட்சாவில் கிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. ஒரு மஃபினில் 40 மில்லிகிராம் வரை போகும், ஒரு டம்ளர் டீக்குச் சமம். தேறிய ஐந்தாவது தட்டிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மூன்றைத் தின்றுவிட்டு இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். குழந்தைகளுக்குக் கொடுப்பதென்றால் காலையில், பாதி மட்டும்.